மிச்ச இருபது

ஏப்ரல் மூன்று. உவர்மலையில் கரண்ட்
மூன்றாம் தடவையும் போய் வந்துவிட்டது.
லீட்ஸ் நகரத்துப் பல்வைத்தியர் ஒருவரின் ஓய்வூதியக் கணக்கு
என் மடியில் சூடாகிறது.
அங்கே இன்னும் மதியம் ஆகவில்லை. இங்கே நாலு மணி.

தேத்தண்ணியை வைத்துவிட்டு நிமலரூபன் கேட்டான்:
'வரி கட்டுற மனிசனுக்கு அரசாங்கம் காசு குடுக்குதோ?'

குடுக்குது.
அவர் எண்பது பவுண் போட்டால்
நிதிக்காரர் இருபதை வரிக் கந்தோரில் வாங்கிச் சேர்ப்பார்கள், நூறு.
அதுவும் அவருடைய காசுதான்,
வரியாய்ப் போகப் புறப்பட்டது
படலையோடு திரும்பி வருகிறது.
வயதுபோய் எடுக்கும்போது வரி காத்திருக்கும்,
நாலிலொரு பங்கு தப்பலாம்.
இவ்வளவும் தானாய் நடக்கும்.

ஆனால் இவர் நாற்பது வீதக்காரர்.
மிச்ச இருபதைத் தானே எழுதிக் கேட்க வேணும்.
நாலு வருசமாய்க் கேட்கவில்லை.
நாளை மறுநாள் ஐந்தாம் திகதி,
ஆகப் பழைய வருசம் கைவிட்டுப் போய்விடும்.

'பாவம்' என்றான் நிமலரூபன்,
பல்வைத்தியருக்காக.
பகிடியில்லை. உண்மையாகவே சொன்னான்.

சீனக்குடாவில் மூட்டை ஏற்றிய ஆறு வருசமும்
இவன் சம்பளத்தில் எட்டு வீதம் வெட்டினார்கள்.
பன்னிரண்டு அவர்கள் போட வேண்டியது.
சேமலாப நிதியில் போய்க் கேட்டால்
இவன் பெயரில் பதினொரு மாதம்.
அந்த ஒப்பந்தக்காரர் இப்போது
நிலாவெளியில் ஹோட்டல் கட்டுகிறார்.
'விடப்பா' என்றான் அன்றைக்கு,
சம்பளச் சீட்டுகளுக்கு ரப்பர் வளையம் போட்டு
பால்மா டின்னில் அடைத்தபடி.

பல்வைத்தியருக்கு எழுதினேன்:
உங்களுக்குச் சேரவேண்டிய ஏழாயிரத்து அறுநூறு பவுண்
கேட்பாரற்றுக் கிடக்கிறது, இன்றே ஒப்பமிடுங்கள்.
பத்து நிமிடத்தில் இட்டார். நல்ல மனிதர்.
நன்றிக்குப் பின்னால் மூன்று ஆச்சரியக்குறி.

லப்டொப்பை மூடவில்லை.
புதுத் தாள் ஒன்று திறந்தேன், தமிழில்.
தொழில் ஆணையாளர்,
மாவட்டத் தொழில் அலுவலகம்,
திருகோணமலை.

'என்ன எழுதுறாய்?'
டின்னை எடுங்கோ என்றேன்.
கதிரையில் ஏறினான். தும்மினான்.
கீழே ரோட்டில் இரண்டு மான்கள்
யாரோ எறிந்த தபாலுறையொன்றை
ஆளுக்கொரு முனையில் கடித்து இழுத்துக்கொண்டு நின்றன.

எழுபத்தொரு சீட்டு இருந்தது.
ஒன்றை எலி தின்றிருந்தது.
அதையும் எழுதினேன்.