அலமாரிகளின் முதுகு

வால்டிவியாவில் அன்றும் மழை.
மன்றக் கூட்டத்தில் முதல்வர் ஒயார்சூன்
பலகையில் இருந்த ஐந்து கட்டங்களை அழித்துவிட்டு
மூன்று வட்டங்கள் போட்டார்:
நீர், அசைவு, ஒலி.
வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தன.
ஏறிய இடத்தில் யாருக்கு நாற்காலி
என்பதுதான் முதல் கேள்வி.

பத்தொன்பது பேர் சரி என்றார்கள்.
பதினேழு பேர் வேண்டாம் என்றார்கள்.
ஒருவர் தூங்கிவிட்டார்.
குறிப்பெடுத்தவள் நான்;
தூக்கத்தை 'நடுநிலை' என்று எழுதினேன்.

பிறகு சுத்தியல்கள் வந்தன.
கப்பல் பொறியியலுக்கும் கட்டுமானத்துக்கும் நடுவில் நின்ற சுவர்
ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் போனது.
உள்ளே செங்கல்லே இல்லை.
அழுத்திய மரத்தூள்,
பழைய கால்பந்து முடிவுகளோடு கசங்கிய செய்தித்தாள்.
இதற்கா இத்தனை வருடம் சுற்றிக்கொண்டு போனீர்கள்
என்று கேட்டான் இடிக்க வந்தவன்.

அடுத்த திங்களன்று பார்த்தால்
பேராசிரியர் விங்க்லர் தன் அலமாரிகளை வரிசையாக,
சுவர் இருந்த அதே கோட்டில் நிறுத்தியிருந்தார்.
அந்தப் பக்கம் பேராசிரியர் நவரெத்தே தன்னுடையதை,
முதுகோடு முதுகாக,
ஒரு விரல்கூட நுழையாதபடி.
இருவரும் சேர்ந்து செய்த முதல் வேலை அது.
முதல்வரிடம் நான் சொல்லவில்லை.

என் வேலை படிவம்.
பெயர், எண், துறை.
துறைக்கு ஒரு கட்டம்,
கட்டத்துக்குள் ஒரு துறை.
வட்டம் போட்டவர்கள்
கணினிக்குச் சொல்ல மறந்திருந்தார்கள்.

குயேன் காயுபான் வந்து நின்றாள்,
தலைமுடியில் தண்ணீர் சொட்ட.
அவள் அப்பா ஆற்றில் பயணிகள் படகு ஓட்டுகிறார்.
எஞ்சின் சத்தம் தண்ணீருக்கடியில் எவ்வளவு தூரம் போகும்,
அதைக் கேட்ட மீன் எந்தப் பக்கம் திரும்பும்,
இதுதான் அவளுக்குத் தெரியவேண்டும்.
அலைத்தொட்டி விங்க்லருடையது.
தண்ணீரில் தொங்கவிடும் மைக் ஒலியியல்காரர்களுடையது.
தொட்டிக்கு மேலே சாரம் கட்டித் தரவேண்டியவர் நவரெத்தே.
மீனுக்கு யாரும் பொறுப்பில்லை.

எந்தத் துறை, என்றேன்.
பேனாவைக் கடித்தபடி யோசித்தாள். எழுதினாள்:
'மீன் சந்தைக்குப் பின்னால்,
கடல்சிங்கங்கள் படுத்திருக்கும் படிகள்.'

அப்படியே தட்டச்சினேன்.
பிழை, என்றது திரை.
மறுபடியும் பிழை.
ஆற்றில் இறங்கும் இடத்துக்கும் அதுதான் பெயர் என்று
அதற்குத் தெரியாது.
எனக்கே மறந்திருந்தது.

ஏப்ரல் முழுக்கக் கடிதங்கள்.
தொட்டியின் மின்கட்டணம் யார் கணக்கில்,
ஆய்வேட்டில் யார் கையெழுத்து மேலே,
மீன் செத்தால் யார் எழுதித் தருவது.
பதினான்கு கடிதங்கள். பதினான்கிலும்
'அன்புடன்' என்று முடித்திருந்தார்கள்.

அவளுக்குக் கம்பி போதவில்லை.
தொட்டி இந்தப் பக்கம்,
பதிவுக் கருவி நவரெத்தே பக்கம்;
நடுங்காத மின்சாரம் அங்கேதான் வருகிறது.
சுற்றிக்கொண்டு போனால் நாற்பது மீட்டர்.
நேராகப் போனால் ஆறு.

ஒரு மாலை, எல்லாரும் போன பிறகு,
இரண்டு அலமாரிகளின் முதுகிலும்
ஒரே துளை போட்டாள்.
துளைக்கருவியைக் கொடுத்தவள் நான்.
இது குறிப்பில் இல்லை.

காலையில் விங்க்லர் ஏதோ கோப்பெடுக்கக் கதவைத் திறந்தார்.
புத்தகங்களுக்கு நடுவே கருப்பாகக் கம்பி ஓடியது.
கழுத்து சிவக்கக் குனிந்தார்.
அந்தப் பக்கம் நவரெத்தேயும் குனிந்திருந்தார்.
கட்டைவிரல் அகலத் துளை,
ஆளுக்கு ஒரு கண்.

'என்ன கேட்கிறது?'
கேட்டது யார் என்று இன்றுவரை எனக்கு உறுதியில்லை.

குயேன் ஒலியைக் கூட்டினாள்.
சட்டிக்குள் கூழாங்கல் உருள்வது போல
அவள் அப்பாவின் எஞ்சின்
கூடம் முழுக்க ஓடியது.
பிறகு நிறுத்தினாள்.
நின்ற பிறகும் தண்ணீரில் ஏதோ இருந்தது.
மூன்று பேரும் அதைக் கேட்டார்கள்,
குனிந்தது குனிந்தபடியே.

படிவம் இன்னும் என் மேசையில் கிடக்கிறது,
சிவப்புக் கட்டத்தோடு.
அலமாரிகள் ஓர் அங்குலமும் நகரவில்லை.
ஆனால் கம்பி அறுபடாமலிருக்க
துளையின் விளிம்புக்கு யாரோ
ரப்பர் வளையம் போட்டிருக்கிறார்கள்,
இரண்டு பக்கமும்.