வெளிக்கோடு

சூர் நகரத்துப் பலதியாவில் எட்டாம் கவுன்ட்டர்.
டோக்கன் நூற்றுப் பதினேழு.
கையில் முல்கியா, குரூக்கி,
ஒரே ஒரு வரைபடம்:
மனையைச் சுற்றி ஒரு செவ்வகம்,
அதற்குள் இன்னொரு செவ்வகம்.
அவ்வளவுதான் வீடு.

முதல்கட்ட அனுமதிக்கு அது போதும்.
எத்தனை மீட்டர் உயரம்,
தெருவிலிருந்து எவ்வளவு தள்ளி,
குடியிருப்பா கடையா.
உள்ளே யார் எங்கே படுப்பார்கள் என்று
இப்போது யாரும் கேட்க மாட்டார்கள்.

சுவைலிம் மட்டும் கேட்பார்.
திங்கள்தோறும் ஆபீசுக்கு வந்து
ஏசிக்கு நேரே நாற்காலியை இழுத்துப் போட்டு,
"முஹந்திஸா, கதவைக் கடல் பக்கம் வை."
நான் முஹந்திஸா இல்லை,
நாகர்கோவில் பாலிடெக்னிக், டிப்ளமோ.
சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன்.
புதன்கிழமை தம்பி மர்ஹூன் வருவார்.
உட்கார மாட்டார்.
"கதவு ரோட்டுப் பக்கம். அண்ணனிடம் சொல்லாதே."

தகப்பன் விட்டுப்போன ஒரே மனை,
முல்கியாவில் இரண்டு பெயர்.
ஆறு வருஷமாய்ப் பேச்சில்லை.
ஏனென்று நான் கேட்கவில்லை,
படத்துக்கு அது தேவைப்படவில்லை.

இருவரிடமும் ஒன்றையே சொன்னேன்:
இந்தப் படத்தில் கதவே கிடையாது.
அதனால்தான் இரண்டு கையெழுத்தும் விழுந்தன,
ஒரே மையில் அல்ல, ஒரே நாளிலும் அல்ல.

கவுன்ட்டர் பெண் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
மனையின் போட்டோவைத் தட்டினாள்.
தெற்கு எல்லையில், காலியாய் விடவேண்டிய மூன்று மீட்டருக்குள்
தகரக் கொட்டில் ஒன்று. நான்கு ஆடுகள்.
"இது யாருடையது?"

வெளியே போய்ப் போன் போட்டேன்.
தம்பியுடையது என்றார் அண்ணன்.
அண்ணனுடையது என்றார் தம்பி.
தீவனம்?
இருவரும் போடுவதுண்டாம்,
ஒருவர் விடியலில், ஒருவர் அஸருக்குப் பிறகு.

கொட்டிலைப் புள்ளிக்கோட்டால் வரைந்து கொடுத்தேன்.
புள்ளிக்கோடு என்றால் இடிக்கப் போவது.

பதினெட்டாம் நாள் முத்திரை விழுந்தது.
ஒரு வருஷம் செல்லும்.
இனி உள்ளே வரைய வேண்டும்:
சுவர், படிக்கட்டு, குளியலறை,
'கதவு' என்றொரு லேயர்.
அதைத் திறக்காமல்
இரண்டு நாளாய்த் தண்ணீர்த் தொட்டியையே
வரைந்துகொண்டிருக்கிறேன்.

நேற்று அளவெடுக்கப் போனேன்.
கடற்காற்றில் டேப் நிற்காமல் படபடத்தது.
கொட்டில் வாசலில் குதிரைமசால் கட்டு இரண்டு,
ஒன்று புதியது, ஒன்று பாதி தின்றது.
ஆடுகள் நான்கல்ல, ஆறு.
குட்டிகள் இரண்டும் ஈரம் காயாமல்
புள்ளிக்கோட்டுக்குள் நின்றன.

போனை எடுத்தேன்.
யாரிடம் முதலில் சொல்வது?