சுனாமி யாருனா எறங்கணுமா

எர்ணாவூர் திருப்பத்தில் ஷேர் ஆட்டோக்காரன்
தலையைத் திருப்பாமலே கேட்பான்:
“சுனாமி யாருனா எறங்கணுமா?”
நானும் என் அன்னக்கூடையும் இறங்குவோம்.
ரேஷன் அட்டையில், கேஸ் புத்தகத்தில்,
மகளின் மாற்றுச் சான்றிதழில்:
பிளாக் பதினாலு, கதவு எண் ஒன்பது,
சுனாமி குடியிருப்பு.
கொன்றதன் பேருக்குத்தான்
மாதாமாதம் கரண்ட் பில் வருகிறது.

அன்றைக்கு அதற்குப் பேர் இல்லை.
“தண்ணி உள்ள வந்துச்சு” என்றோம்.
“கடலு எழுந்து நின்னுச்சு” என்றாள் தேசம்மா.
பேரை டி.வி.காரர்கள்தான் கொண்டுவந்தார்கள்,
பிஸ்கட் பாக்கெட் வந்த அதே வண்டியில்.

பிற்பாடு மகள் சங்கவி சத்தமாய்ப் படித்தாள்.
பாடப்புத்தகத்தில் ஆழிப்பேரலை.
(ஆட்டோவில் யாரும் அப்படிக் கேட்பதில்லை.)
சுனாமி ஜப்பான்காரன் சொல்லாம்,
துறைமுக அலை என்று அர்த்தமாம்.
நூறு வருசத்துக்கும் முன்னால்
அங்கே ஒரு கரையில் ஆம்பிளைகள் ராத்திரித் தொழிலுக்குப் போனார்கள்.
அலை படகுக்கு அடியில் போனதே தெரியவில்லை.
விடிந்து துறைக்குத் திரும்பினால்
துறை இல்லை.

நான் அடுப்பை அணைத்துவிட்டேன்.
என் வீட்டுக்காரர் தேசிங்கும் அன்று லாஞ்சில்தான் இருந்தார்.
“ஒண்ணுமே தெரில, மல்லிகா.
கடலு கண்ணாடியாட்டம் இருந்துச்சு.”
அதைச் சொல்லிச் சொல்லியே
மனுசன் பாதியாகிப்போனார்.

அவள் இன்னும் படித்தாள்.
லிஸ்பன் என்று ஓர் ஊர். புனிதர்கள் திருநாள் காலை.
பூமி ஆடி மாதாகோயில் இடிந்தது.
வெட்டவெளிதான் பத்திரம் என்று
சனம் ஆற்றங்கரைக்கு ஓடியது.
அங்கேதான் வந்தது அலை.
கிரகடோவா மலை வெடித்தபோது
நம்ம மெட்ராஸிலும் தண்ணி ஏறி இறங்கியதாம்,
கருவி குறித்து வைத்திருக்கிறதாம்.
குறித்து வைக்க எப்போதும் யாரோ இருக்கிறார்கள்.

நம்முடையது சுமத்ரா பக்கம்.
கடலுக்கு அடியில் ஒரு தட்டு இன்னொன்றை
வளைத்த மூங்கிலைப் போல
எத்தனையோ தலைமுறையாய் அமுக்கிப் பிடித்திருந்து
கைவிட்டது.
எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.
நம்ம கணக்கில் காலை ஆறரை, என்றாள்.
சரியாகப் பார், என்றேன்.
ஆறரைதாம்மா.

காசிமேட்டுக்கு அது வந்தபோது மணி ஒன்பது.

ஆறரைக்கு நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன்.
ஞாயிற்றுக்கிழமை. குழாயில் நிதானமாய்த் தண்ணி வந்தது.
அடுத்த தெருவில் கிறிஸ்மஸ் நட்சத்திரம்
அணைக்க மறந்து எரிந்துகொண்டிருந்தது.
எட்டு மணிக்கு வஞ்சிரம் விலை பேசினேன்,
பத்து ரூபாய்க்கு வாய்ச்சண்டை.
அதுவரைக்கும் அது வந்துகொண்டேயிருந்தது,
விமானத்தின் வேகத்தில், ஒரு முழ உயரத்தில்,
யாருடைய தூக்கத்தையும் கெடுக்காமல்.
எட்டே முக்காலுக்கு
என் தம்பி பூபதியிடம் சொன்னேன்:
“கரையில வலை காயுது. போய் எடுத்தாடா.”
சாப்பிட்டுப் போறேன் என்றான்.
போய்ட்டு வந்து சாப்பிடு என்றேன்.

அப்புறம் ஒரு பங்குனிக் கடைசியில்
மத்தியானம் மறுபடி சுமத்ரா.
இந்த முறை எல்லார் போனும் அடித்தது.
போலீஸ் ஜீப் மைக்கில் கத்தியது.
பதினாலாம் பிளாக் மொத்தமும் மொட்டை மாடியில்,
கைக்குழந்தை, நகைப்பெட்டி, ஒரு சேவல்.
தட்டு தூக்கவில்லை, பக்கவாட்டில் நகர்ந்ததாம்.
அதனால் கடல் வரவில்லை.
சோறு தீய்ந்த வாடை மேலே வந்ததும்
ஒவ்வொருத்தராய்ச் சிரித்துக்கொண்டு இறங்கினார்கள்.

நான் இறங்கவில்லை.
எண்ணூர்ப் புகைபோக்கிகளுக்கு அந்தப் பக்கம்
தட்டையாய்க் கிடந்த தண்ணியைப் பார்த்தபடி
தண்ணித்தொட்டி ஓரம் உட்கார்ந்திருந்தேன்.
சங்கவி கீழேயிருந்து கூப்பிட்டாள்,
உப்பு தீர்ந்துடுச்சு, கடைக்குப் போகட்டுமா என்று.
இரு, என்றேன்.
முழுசாய் இரண்டரை மணி நேரம்
நான் யாரையும் எங்கேயும் அனுப்பவில்லை.