பிடி

சிறுநீரகத்தில் கல் என்று படம் எடுத்தார்கள்.
கல் இல்லை.
கேட்காமலே வேறொன்று வந்திருந்தது:
கணையத்தின் வால் பக்கம் நீர்க்கட்டி,
பதினோரு மில்லிமீட்டர்.

கணையம் என்றால் பழைய தமிழில்
கோட்டைக் கதவின் குறுக்கு மரமாம்.
அகராதிப் பக்கம் நகலெடுக்க வந்த
ஆராய்ச்சிப் பையன் சொன்னான்.
நான் கேட்டது எதற்கென்று அவனுக்குத் தெரியாது.
சில்லறை இரண்டு ரூபாய் அதிகம் கொடுத்துவிட்டேன்.

டாக்டர் ஹெப்பார்
பேனா மூடியால் திரையைத் தொட்டார்.
பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, என்றார்.
பெரும்பாலும் என்பதை
இரண்டு முறை சொன்னார்.
வெட்ட வேண்டாம். மருந்தும் கிடையாது.
பார்த்துக்கொண்டே இருப்போம்.

இருப்போம் என்ற பன்மையில்
அவருக்கு வருஷத்துக்கு ஒரு நாள்.
மீதி நாளெல்லாம் என் பங்கு.

ஜீவன்பீமா நகரில் என் ஜெராக்ஸ் கடை.
பத்திரம், ஆதார், மதிப்பெண் பட்டியல்.
எழுபதாம் வருஷத்து வரைபடங்களில்
ஏரி என்று சாய்கோடு போட்டிருக்கும்;
நகல் வாங்கிக்கொண்டு போகிறவர்
அந்த ஏரியின் மேல்தான் மூன்றாம் மாடியில் குடியிருப்பார்.
இத்தனை நீரைக் காணாமல் அடித்த ஊர்
இந்த ஒரு சொட்டையும் எடுத்துக்கொண்டால் என்ன?

முதல் வருஷம்.
நாலு மணி நேரம் வெறும் வயிறு,
பிறகு ஒரு டம்ளர் அன்னாசிச் சாறு
(குடல் வெள்ளையாகத் தெரியக் கூடாதாம்).
மெட்டி கழலவில்லை. சோப்பு கொடுத்தார்கள்.
குழாய்க்குள் தள்ளினார்கள்.
காதில் சன்னபசவாவின் குரல்:
உசிரு ஹிட்கொள்ளி.
அடக்கினேன்.
பிடி, என்றான்.
பத்தொன்பது வருஷமாகக் கன்னடத்தில்
காய்கறி வாங்குகிறவள்தான்;
பிடி என்றால் அங்கே விடு.
ஆனால் அந்த இருட்டில்
என் காது தமிழாகப் போய்விட்டது.
பிடித்தேன்.
இன்னும் பிடித்தேன்.
தட்தட்டென்று காந்தம் தலையில் இடிக்க
அடுத்த படத்தின் நடுவில் வயிறு துள்ளி
எல்லாம் கலங்கிப்போயிற்று.
அம்மா, பிடி அந்த்ரெ பிடி, என்று
அவன் கெஞ்சியது இன்னும் கேட்கிறது.

பதின்மூன்று, என்றது அறிக்கை.
ஆறு மாதத்தில் திரும்ப வரச் சொன்னார்கள்.
பன்னிரண்டு, என்றது அது.
அளவுகோல் வைக்கும் கைக்கு
ஒரு மில்லிமீட்டர் இப்படி அப்படி, என்றார் டாக்டர்.
அந்த ஒரு மில்லிமீட்டரில்தான்
நான் ஆறு மாதம் குடியிருந்தேன் என்று சொல்லவில்லை.

டெல்வினுக்கு மட்டும் தெரியும்,
கடைச் சாவி யாரிடமாவது இருக்க வேண்டுமே.
ஓசூரில் இருக்கும் அக்காவுக்குத் தெரியாது.
வளையல் வாங்க சிக்பேட் போனேன் என்றேன்;
அதற்காக ஒரு டஜன் வாங்கவும் வேண்டியிருந்தது.

அந்த வருஷம் முழுக்கப் பழகினேன்.
பால் பொங்குகிற நேரம், சிக்னலில் நிற்கிற நேரம்,
மனசுக்குள் பிடி என்று சொல்லி
மூச்சை விட்டேன்.
பிடி. விடு. பிடி. விடு.
மெட்டியைப் பெரிதாக மாற்றிக்கொண்டேன்.

இந்தத் தடவை சன்னபசவா இல்லை.
தருமபுரிப் பெண், இன்பவல்லி,
என் பெயரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.
அக்கா, தமிழா! பயப்படாதீங்க, தமிழ்லயே சொல்றேன்.
உள்ளே போனேன்.
மூச்சை நல்லா இழுங்க.
இழுத்தேன்.
பிடி, என்றாள்.
விட்டேன்.

அக்கா!
கண்ணாடிக்கு அப்பால் அவள் தலையில் கை வைத்திருப்பாள்.
நான் சிரித்தேன். சிரித்ததில்
அதற்கடுத்த படமும் கலங்கியது.

இருபது நிமிஷம் கூடுதல்.
பன்னிரண்டு. சென்ற படத்தோடு ஒப்பிட
மாற்றமில்லை.

இருபது பைசா மை செலவில்
தினமும் நான் விற்பதுதான் இது:
முன்னதைப் போலவே இன்னொன்று.
இதற்கு ஒன்பதாயிரத்து எண்ணூறு கட்டி
ரசீதை மடித்து வைத்துக்கொண்டேன்.

வெளியே பழைய விமான நிலையச் சாலை,
ஹார்ன், தூசி, மூன்றரை மணி.
அடுத்த தேதி மார்ச்சில்.
பசித்தது.
எதிரில் தர்ஷினியில் நின்றுகொண்டு
இரண்டு இட்லி, ஒரு வடை.
வடையைச் சாம்பாரில் முக்கவா தனியாகவா என்றான்.
முக்கு, என்றேன்.