மீதி ஒரு மணி நேரம்

நாளுக்கு இருபத்து மூன்று மணி நேரம்
கட்டியிருக்க வேண்டும் என்றார்கள்.
தோல் நிறத்தில் ஒரு பட்டை.
தாடையை ஏந்தி, காதுகளைச் சுற்றி
உச்சந்தலையில் ஒட்டிக்கொள்ளும்.
முதல் தடவை கண்ணாடியில் பார்த்தபோது
நெற்றியில் ஒரு ரூபாய் மட்டும்தான் குறை.
குனிந்து கால் கட்டைவிரல்களைப் பார்த்தேன்.
யாரும் சேர்த்துக் கட்டவில்லை.
குனியவே கூடாதாம். அதையும் சொல்லியிருந்தார்கள்.

தேசமே வைத்தியத்துக்கு வந்து இறங்கும் காட்பாடியில்
வைத்தியத்துக்கென்று நான் ரயில் ஏறினேன்,
விடிகாலையில், சென்னைக்கு.
இரவு திரும்பும்போது துப்பட்டா முக்காடு.
ஆட்டோக்காரர் கேட்டார், "பல்லாம்மா?"
ஆமாம் என்றேன்.
அதன்பின் எல்லோருக்கும் பல்தான்.
கீழ்வீட்டு ஷமீமாவுக்குக் கடைவாய்ப்பல்,
மாமியாருக்கு ஞானப்பல்.
"நாப்பத்தொரு வயசுலயா ஞானம்?" என்று அவர் கேட்டதில்
குத்தல் எதுவும் இல்லை.

பதினோரு வருடமாக லாட்ஜ் வரவேற்பில் இருக்கிறேன்.
எதிரே கேமராத் திரை, நாலு கட்டம்.
வாசல். மாடிப்படி. லிஃப்ட்.
நாலாவதில் நான், பக்கவாட்டில்.
ஆதார் நகல் எடுக்கையில், இட்லி தின்கையில்,
அழுகிறவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டுகையில்
கழுத்துக்கு மேலே ஒரு பை
கூடவே ஆடியது.
மனிதர்கள் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.
திரை சொன்னது, தினம் பத்து மணி நேரம்.
சீட்டுப் பணத்தை எடுத்தேன்.
"உன் காசு" என்றார் பாலகுரு.
அது சம்மதமா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் முன்பைவிடப் பெரிதாக வீங்கியது.
காசு கொடுத்து இரட்டிப்பாக்கிக்கொண்டாயே என்று
கண்ணாடியிடம் சிரிக்கப் பார்த்தேன்.
தையல் இழுத்தது.
ஐந்தாம் நாள் கத்தரிப்பூ நிறம்
கழுத்து வழியே இறங்கி
மஞ்சளாகிக் காறையெலும்பில் நின்றது.
உப்பில்லாத கஞ்சி, மூன்று தலையணை, மே மாதம்.
ஜன்னலுக்கு வெளியே பாலமதிப் பாறைகள்
இருட்டிய பிறகும் வெயிலைத் திருப்பித் தந்துகொண்டிருந்தன.
பட்டைக்குள் அரித்தது.
சொறிந்தால் விரலுக்குத் தெரிகிறது,
தாடைக்குத் தெரியவில்லை.
யாருடைய தாடையையோ
சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆறாம் நாள் மாலை
ரூம் பாய் தியோடர் 206-ஐக் கூட்டி வந்தான்.
பிஜோயா மண்டல், மேதினிபூர்.
ரிஜிஸ்டரில் நான் எழுதிய பெயர்.
அவர் கணவருக்குப் போன மாதம்
பாதித் தாடையை எடுத்துவிட்டார்கள்.
ஆறரைக்குப் பட்டையைக் கழற்றுவேன்.
அதற்கு ஐந்து நிமிடம் இருந்தது.
வாசலிலேயே நின்று பார்த்தார்.
பல் என்று தியோடர் சொல்லியிருந்தான்,
அவர் நம்பவில்லை.
எத்தனை கட்டுகளைப் பார்த்த கண்.

"வலி?" என்றார்.
இல்லை என்றேன். அதையும் நம்பவில்லை.
நாலு மாதத்தில் அவர் கற்ற தமிழ்
எவ்ளோ, தண்ணி, வலி, நாளைக்கு.
என் கையைப் பிடித்துக்கொண்டு
"நாளைக்கு, நாளைக்கு" என்றார்,
எந்த ஜன்னலில் எல்லாம் கேட்ட சொல்லோ,
ஆறுதலாக.

கொழுப்பு எடுத்தேன், அவ்வளவுதான் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
தமிழில் அந்தச் சொல்லுக்கு
இன்னொரு பொருள் உண்டு.
அது அவருக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும்.

தூக்கில் ஜவ்வரிசிக் கஞ்சி கொண்டுவந்திருந்தார்.
பட்டையைக் கழற்றினேன். இனிப்பு, இளஞ்சூடு.
நாலாவது கரண்டியில்
அவர் முந்தானை என் முகத்தருகே வந்தது.
வழிந்திருக்கிறது போல.
வேறெங்கோ பார்த்தபடி துடைத்தார்,
பழகின கை.
இடது ஓரத்தில் இன்னும் இருந்திருக்க வேண்டும்,
மறுபடியும் துடைத்தார்.

பிறகு அவரே எடுத்துக் கட்டிவிட்டார்,
காது மடங்காமல், பாலகுரு கட்டுவதைவிட நன்றாக.
மணி ஏழு பத்து.
இன்னும் இருபது நிமிடம் மீதி இருந்தது.
நான் சொல்லவில்லை.