மூன்றாம் துளை

நாக்கால் சம்பாதிக்கிறவள் நான்.
குன்னூரில், வடக்கு பார்த்த ஜன்னலடியில்
ஒரு நாளைக்கு முந்நூறு கோப்பை.
கரண்டியில் அள்ளி, காற்றோடு சேர்த்துச்
சர்ரென்று உறிஞ்சி, அண்ணத்தில் தெளித்துத்
துப்பிவிட்டு அடுத்தது.
நான் சொல்வேன், போஜன் எழுதுவான்:
புகை. பச்சை. வெந்தது. உடம்பில்லை.
விழுங்கமாட்டேன். விழுங்கினால்
ராத்தூக்கம் போச்சு.

ராத்தூக்கத்தை இப்போது வேறொன்று தின்கிறது.
உள்ளங்கை நீளம், பத்துத் துளை,
உள்ளே பித்தளையில் இருபது நாக்கு.
கோவையில் பஸ்ஸுக்கு நேரமிருந்தது, வாங்கினேன்.
வேறு காரணம் இல்லை.

ப்ளூஸில் ஊதுவதைவிட இழுப்பதே அதிகம்
என்று தெரிந்ததும் ஒரு கர்வம்.
இழுப்பதா?
இருபத்திரண்டு வயதிலிருந்து அதுதானே பிழைப்பு!

ஒரு வாரம் நிற்கவில்லை அந்தக் கர்வம்.
இரண்டாம் துளை ஊமை.
எவ்வளவு இழுக்கிறேனோ அவ்வளவு ஊமை.
விசிலடிக்கும் உதடு வைத்தால்
பக்கத்துத் துளையும் நெருக்கிக்கொண்டு ஏறுகிறது
ஷேர் ஆட்டோவில் மாதிரி.
நாக்கால் மூன்றை மூடி
வலது கடைவாயில் ஒன்றை மட்டும் திறந்தால்
எச்சில் மோவாய் வரை.
நாக்கை எடு, அறை. எடு, அறை.
கதவு சாத்துகிற சத்தம் வரவேண்டும்;
ஈரத்துணி துவைக்கிற சத்தம் வருகிறது.
கீழ்வீட்டு ரஹீமா படியில் நிறுத்திக் கேட்டாள்:
"பூனை வளர்க்கிறீங்களா அக்கா?"

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை.
லாட் இருநூற்றுப் பதினேழு.
"பித்தளை வாடை" என்றேன். எழுதினான்.
பதினெட்டு. "பித்தளை."
பத்தொன்பது. "இதுவும்."
போஜன் பேனாவை மூடினான்.
"மூணு ஃபேக்டரி. மூணுக்கும் ஒரே பித்தளையா?"
என் முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டான்.

நாக்கு நுனியில் ஒரு கீறல் இருந்தது.
எனக்குத் தெரியும், எப்போது வந்ததென்று.
கிலோவுக்கு நாலு ரூபாய் இறங்கியிருக்கும்.
கோத்தகிரிப் பக்கம் யாரோ
பனியில் விரல் விறைக்கக் கிள்ளிய கொழுந்து,
என் ராத்திரிக் கூத்துக்கு அபராதம் கட்டியிருக்கும்.

வெந்நீரில் கொப்பளித்தேன். வெறும் ரொட்டி மென்றேன்.
ஒரு மணி நேரம் சும்மா இருந்தேன், சம்பளத்துக்கு.
மறுபடி இருநூற்றுப் பதினேழு:
சுள்ளென்று, சுத்தமாக,
ஓரத்தில் எலுமிச்சைத் தோல்.
"அடிச்சு எழுது போஜா."
"மூணையுமா?"
"மூணையும்."

பதினோரு நாள் அலமாரியில் கிடந்தது அது.
பூனைக்கு உடம்பு சரியில்லையா என்றாள் ரஹீமா.

பன்னிரண்டாம் நாள், ஏதோ ஒரு கோப்பையில்,
என் உறிஞ்சல் எனக்கே கேட்டது.
பலமாக இழுக்கவே இல்லை நான்.
நாக்கின் அடி பின்னால் சரிந்து பள்ளமாகிறது,
காற்று தானாக வந்து விழுகிறது.
இத்தனை வருடமாக வாய்க்குத் தெரிந்திருக்கிறது.
எனக்குத்தான் சொல்லவில்லை.

அன்றிரவு விளக்குப் போடாமல்,
இரண்டாம் துளையில் உதடு வைத்து,
'கூழ்' என்று உள்பக்கமாகச் சொன்னேன்.
ஆமாம், கூழ்.
கூ-வில் நின்ற சுரம்
ழ-வில் வளைந்து இறங்கியது,
பர்லியாறு வளைவில் லாரி
கியர் மாற்றி முனகுவதுபோல.
கை நடுங்கியது.
இன்னொரு தரம் வரவில்லை.
அதற்கடுத்த தரம் வந்தது.

இப்போது சனிக்கிழமை ராத்திரி மட்டும்.
ஞாயிறு முழுதும் நாக்குக்கு லீவு,
மிளகாய்கூடக் கிடையாது.
திங்கள் காலை கண்ணாடியில் நீட்டிப் பார்த்துவிட்டுத்தான்
வேலைக்குக் கிளம்புகிறேன்.

மூன்றாம் துளை இன்னும் படியவில்லை.
அதற்குள் மூன்று படி இருக்கிறதாம்.
முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் நடுவே
எங்கோ ஓர் இடத்தில் போய் நிற்கிறேன்.
புகையுமில்லை, பச்சையுமில்லை.
போஜனின் தாளில் அதற்குக் கட்டம் கிடையாது.
ரஹீமாவுக்கு அது இன்னும் பூனைதான்.