திறப்பு

அந்தச் செவ்வாய்க்கிழமை கிளினிக்கில்
எண்பத்தேழாம் நம்பர் அவள்.
முதல் வருகையிலேயே சொல்லிவிட்டாள்:
"டொக்டர், வாய்க்குள்ள எந்த நேரமும்
ஒரு திறப்ப வச்சிருக்கிற மாதிரி."
நான் எழுதினேன்: வாய்க்கசப்பு.
அதையும் ஆங்கிலத்தில் எழுதினேன்.
அவள் நாக்குக்கும் என் கொப்பிக்கும் இடையில்
திறப்பு எங்கோ விழுந்தது.

மெற்றில்டா. நாற்பத்திமூன்று வயது.
முகத்துவாரத்தில் முதல் பஸ் பிடித்து
ஐந்து மணிக்கே வரிசையில் நின்று
பத்தரைக்கு என் முன்னால்
வயிற்றைப் பிடித்தபடி இருந்தாள்.
முறுக்குது என்றாள். முறுக்கி, விட்டு,
திரும்ப முறுக்குதாம்,
ஈரத்துணியைப் பிழியிற மாதிரி.
எத்தனை நாள்? சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?
உறைப்புக் கூடவா? வீட்டில் ஏதும் பிரச்சினையா?
கேள்வி நிறையக் கேட்டேன்.
அவளைக் கேட்கவில்லை.
வெளியே எண்பத்தெட்டு இருமிக்கொண்டிருந்தது.

அல்சர் குளிசை, இரண்டு கிழமைக்கு.
அடுத்த தடவை கமரா விட்டுப் பார்த்தோம்:
இரைப்பை சுத்தம். ஸ்கானும் சுத்தம்.
இரத்தம் குறைவு;
அது எந்தப் பெண்ணுக்குத்தான் இல்லை என்று
இரும்புச்சத்துக் கொடுத்தேன்.
இரும்பு! வாயில் திறப்போடு வந்தவளுக்கு.
"மனசுதான்" என்றான்
பக்கத்து மேசை நிமலசிறி.
நானும் தலையாட்டினேன்.
அவள் அதைப் பார்த்தாள்.

மூன்றாம் முறை மழை.
மருதானைப் பக்கம் வெள்ளம்; பாதி வரிசை வரவில்லை.
கரண்ட் போய், மின்விசிறி
நாலு சுற்று சுற்றி நின்றது.
ரிப்போர்ட் வர அரைமணி ஆகுமாம்.
எழுத ஒன்றுமில்லை.
பேனையை மூடி வைத்தேன்.
மூடி விழுந்த அந்தச் சின்னச் சத்தத்தில்
அவள் பேசத் தொடங்கினாள்.

மகளுக்கு ஓ.எல். டியூஷன் காசு.
அவருக்குத் துறைமுகத்தில் வேலை நின்றது.
தோட்டத்துக்குள் தண்ணீர் ஏறினால்
அரிசி டின்னை அலுமாரிக்கு மேல் தூக்குவது.
சின்னவனுக்கு ஆறு வயது, தனியே படுக்கமாட்டான்.
ராத்திரியில் வலைக்குக் கீழ்க்கயிறு கட்டுவது,
ஒரு வலைக்கு இவ்வளவு என்று கூலி.
நான் குறுக்கே பேசவில்லை.
பொறுமை ஒன்றுமில்லை,
இருட்டில் வேறு வேலை இல்லை.
"கோத்துட்டு இப்பிடி ஒரு இறுக்கு" என்று
இரண்டு விரலைக் கடைவாயில் வைத்து
கடித்துக் காட்டினாள்.

என்னத்தக் கடிக்கிறீங்க?

"ஈயக்குண்டுதான் டொக்டர்.
குறட்டால இறுக்கினா வழுக்கும்.
பல்லுதான் சரி.
ஒரு ராத்திரிக்கு முந்நூறு, நானூறு."

போன் டோர்ச்சை அடித்து உதட்டை விரித்தேன்.
முரசோரம் நீலமாய் ஒரு கோடு,
யாரோ பென்சிலால் கீறிவிட்டு
அழிக்க மறந்தது மாதிரி.
மூன்று தடவையும் அங்கேதான் இருந்திருக்கும்.
கமராவும் அதைத் தாண்டித்தான்
உள்ளே போயிருக்கிறது.

"இதுக்குப் பேர் இருக்கா?"
இருக்கு.
"அப்ப நான் சும்மா சொல்லல்ல."
இல்லை.
சீலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள்,
அழவில்லை, வாயைத்தான் துடைத்தாள்.

ஈயத்துக்கு இரத்தச் சோதனை எழுதினேன்.
அந்த வேலையை விடுங்க என்றேன்.
சொல்லும்போதே டியூஷன் காசு
எங்கள் இருவருக்கும் நடுவே
மேசையில் ஏறி உட்கார்ந்தது.

கரண்ட் வந்தது.
அடுத்த நம்பரைக் கூப்பிடப் போனார்கள்.
கொஞ்சம் பொறுங்க என்றேன்.
வலை கட்டும்போது
சின்னவனும் பக்கத்தில இருப்பானா?

மடியில் இருந்த சொப்பிங் பையை
ஒரு தடவை மடித்தாள்.
இன்னொரு தடவை மடித்தாள்.
மின்விசிறி மெல்லச் சுற்றத் தொடங்கியது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அதைக் கேட்டேன்.